ஆபத்தில் முதலில் ஓடி வருகிறவர்களுக்கு மனநல உதவி: எங்கே தொடங்குவது, எதை எழுதி வைப்பது

தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல், பேரிடர் மீட்பு, அவசர அழைப்புக் கட்டுப்பாட்டு அறை ஆகிய பணிகளில் இருந்து, பார்த்ததும் கேட்டதும் மனத்தைவிட்டு இறங்க மறுக்கிறது என்று உணரத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அழைப்பு எடுக்கும் மேசையில் இருந்தவள். சிகிச்சையைவிடச் சிகிச்சைக்குப் போய்ச் சேரும் வழிதான் என்னை அதிகம் களைக்க வைத்தது. எந்தப் படிவம் யாருக்கு, எந்த மருத்துவர் யாருடைய ஆள், எந்தக் கெடு எப்போது தொடங்குகிறது என்பதை ஒரே இடத்தில் சொல்ல ஆளே இல்லை.

சட்டங்களும் துறை விதிகளும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் வழியில் உள்ள பள்ளங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: உங்களைக் குணப்படுத்தும் வழி வேறு, உங்கள் வேலை, சம்பளம், இழப்பீடு பற்றி முடிவெடுக்கும் வழி வேறு. இரண்டிலும் மருத்துவர்கள் இருப்பார்கள், இரண்டிலும் கனிவாகவே கேள்வி கேட்பார்கள். எந்த வழியில் நிற்கிறீர்கள் என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள்.

1. உயிர் பற்றிய அச்சம் இருந்தால் வரிசை எதுவும் வேண்டாம்

செத்துவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறதா, எப்படி என்று மனம் யோசிக்கத் தொடங்கிவிட்டதா? இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அல்லது உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். காகிதங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. அழைப்பை எடுப்பவரும் வண்டியில் வருபவரும் தெரிந்தவர்களாக இருப்பார்கள். அதனால் மனம் தெளிவாக இருக்கும்போதே, உங்கள் பணி எல்லைக்கு வெளியே உள்ள ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்து, உங்களைக் கூட்டிப்போக வேண்டியவரிடம் சொல்லி வையுங்கள். வீட்டில் ஆயுதமோ, சேர்ந்துபோன மாத்திரைகளோ இருந்தால் நிலைமை சரியாகும்வரை அவை வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

2. நாள்காட்டியைப் பாருங்கள்

கொடுமையான ஒரு சம்பவத்துக்குப் பிறகு தூக்கம் கெடுவதும், சிறு சத்தத்துக்குத் துள்ளுவதும், காட்சி கண்முன் ஓடுவதும் இயல்பு. பலருக்கு இவை சில வாரங்களில் தானாகத் தணியும். 2013இல் வெளியான டி.எஸ்.எம்-5 என்ற நோய் வகைப்பாட்டு நூலின்படி, 3 நாள் முதல் ஒரு மாதம்வரை நீடிக்கும் கடும் அறிகுறிகளுக்குக் ‘கடும் மனஉளைச்சல் கோளாறு’ என்ற பெயர் பொருந்தலாம். ஒரு மாதத்தைத் தாண்டினால்தான் பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் கோளாறா என்ற கேள்வியே எழும். முழு அறிகுறிகளும் ஆறு மாதமோ அதற்கு மேலோ கழித்து வெளிப்படுவதும் உண்டு. அதற்கும் அதே நூலில் இடம் இருக்கிறது. ‘அப்போதே வராதது இப்போது எப்படி வரும்’ என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை குறைவு: தூங்குங்கள், மதுவைத் தள்ளி வையுங்கள், நம்பும் ஒருவரோடு தொடர்பில் இருங்கள், அடுத்த சில ஷிஃப்டுகளை மாற்றிக் கேளுங்கள். செய்யக்கூடாதவை இரண்டு.

ஒன்று, சம்பவம் முடிந்த கையோடு எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, பார்த்ததையெல்லாம் விவரமாகச் சொல்லச் சொல்லும் கட்டாய அமர்வு. பல துறைகளில் இது சடங்காகவே நடக்கிறது. இத்தகைய ஒற்றை அமர்வு பி.டி.எஸ்.டி. வருவதைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிலருக்கு அது நிலையை மோசமாக்கியதும் உண்டு. வருகைப் பதிவு கட்டாயமென்றால் போய் உட்காருங்கள், ஆனால் ‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, தூக்கத்துக்கென்று கொடுக்கப்படும் டயசிபாம், அல்பிரசோலம் வகை மாத்திரைகள். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் மனஉளைச்சலுக்கோ தூக்கமின்மைக்கோ பெரியவர்களுக்கு இவற்றைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வழிகாட்டியது. மருத்துவர் எழுதினால் ஏன், எத்தனை நாளுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கடந்த பின்னும் கெட்ட கனவுகள், சில இடங்களையும் ஒலிகளையும் தவிர்ப்பது, எரிச்சல், யாரோடும் ஒட்டாமல் மரத்துப்போவது ஆகியவை தொடர்ந்தால், பி.டி.எஸ்.டி. அறிகுறிகளை அளக்கும் பி.சி.எல்-5 என்ற வினாப்பட்டியலை நீங்களே நிரப்பிப் பாருங்கள். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. பத்து நிமிடம்கூட ஆகாது, காசும் கிடையாது. 31 முதல் 33 அளவை எட்டினால் முழுப் பரிசோதனை தேவை. இது நோயை உறுதிசெய்வதில்லை. தேதி போட்டு வைத்தால் பின்னால் நல்ல ஆவணம்.

3. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்

பலரும் இங்கேதான் சிக்குகிறார்கள். உதவி என்ற பெயரில் உங்களுக்கு நான்கு கதவுகள் காட்டப்படும்.

சக ஊழியர் ஆதரவுக் குழு. பயிற்சி பெற்ற நம் ஆட்களே பேசுவார்கள். வேலையை விளக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதே பெரிய ஆறுதல். ஆனால் அவர்களுக்கு மருத்துவருக்குரிய ரகசியக் காப்புக் கடமை சட்டத்தில் இருக்கிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும். துறை விசாரணை நடக்கும் சம்பவம் என்றால், உங்கள் மனநிலையை மட்டும் பேசுங்கள். யார் என்ன செய்தார்கள் என்பதைப் பேச வேண்டாம்.

நிறுவனத்தின் ஊழியர் உதவித் திட்டம். இலவச ஆலோசனை கிடைக்கும், ஆனால் அமர்வுகள் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் முடிந்துவிடும். முதல் தொலைபேசி அழைப்பிலேயே மூன்றைக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை அமர்வு, ஆலோசகருக்குப் பேரதிர்ச்சி சிகிச்சையில் பயிற்சி உண்டா, நான் வந்தது நிறுவனத்துக்குத் தெரியுமா. அமர்வு போதாது என்றால், அங்கே முழுக் கதையையும் கொட்டாதீர்கள். பாதியில் வேறொருவரிடம் மாறி, முதலிலிருந்து சொல்வது தனி வேதனை. அந்த அமர்வுகளைத் தூக்கத்தைச் சரிசெய்யவும், நல்ல சிகிச்சையாளருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கவும் பயன்படுத்துங்கள்.

நீங்களே தேர்ந்தெடுக்கும் சிகிச்சையாளர். இவருக்கு நீங்கள்தான் நோயாளி. ரகசியம் காக்கும் கடமை உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைகள் மீதான வன்முறை, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் இருக்கும். அவை எவை என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

நான்காவது, பணித்தகுதியை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் மருத்துவர். இவருக்கு வேலை கொடுத்தது நிறுவனம். நீங்கள் சொல்வது அறிக்கையாக அங்கே போகும். பொய் சொல்ல வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அறிக்கை யாருக்குப் போகிறது, ‘தகுதி உண்டு, இல்லை’ என்ற முடிவு மட்டுமா அல்லது முழு விவரமுமா, எனக்கு நகல் கிடைக்குமா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். உங்கள் சிகிச்சைக் குறிப்புகள் முழுவதையும் பார்க்க அனுமதிக்கும் ஒப்புதல் படிவத்தை நீட்டினால், எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை, எந்த விவரம் மட்டும் என்று வரையறுத்துக் கையெழுத்திட முடியுமா என்று பாருங்கள். வெற்றுக் காசோலைபோல் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

தொழிற்சங்கம் இருந்தால், இந்த நான்காவது கதவுக்குப் போகும் முன் அவர்களிடம் பேசுங்கள். விதிப்புத்தகத்தை அவர்களைவிட நன்றாகப் படித்தவர்கள் அலுவலகத்திலேயே இருக்க மாட்டார்கள்.

4. எழுதி வையுங்கள், வாங்கி வையுங்கள்

இன்று நன்றாக இருப்பவர்களும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். நோய் வந்த பிறகு ஞாபகம் ஒத்துழைக்காது.

சொந்தமாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஷிஃப்ட், சம்பவ எண், உங்கள் பங்கு, கண்டதோ கேட்டதோ ஓரிரு வரியில், உடனிருந்த சக ஊழியர், அன்றிரவு தூங்கினீர்களா. இவ்வளவு போதும். பாதிக்கப்பட்டவரின் பெயரும் முகவரியும் எழுதவே கூடாது. அது அவர்களுடைய ரகசியம், மீறினால் ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம். அலுவலகக் கணினியிலோ அலுவலக போனிலோ எழுத வேண்டாம்.

கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ‘நீங்கள்தான் சம்பவ இடத்துக்கே போகவில்லையே’ என்று ஒரு அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் கேட்டார். அதற்கான பதில் டி.எஸ்.எம்-5இலேயே இருக்கிறது: கொடூரமான விவரங்களுக்குத் தொழில் காரணமாகத் திரும்பத் திரும்ப அல்லது அதீத அளவில் உட்படுவதும் பேரதிர்ச்சியாகக் கணக்கில் வரும். உடல் பாகங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களையும், குழந்தைக் கொடுமை விவரங்களைத் தொடர்ந்து கேட்கும் காவலர்களையும் அது உதாரணமாகவே சொல்கிறது. தொலைக்காட்சியிலும் திரையிலும் பார்த்தது கணக்கில் வராது, ஆனால் அது வேலையின் பகுதியாக இருந்தால் வரும். தடயவியல் புகைப்படக்காரருக்கும் காணொளிகளைப் பரிசோதிப்பவருக்கும் இது பொருந்தும்.

நமக்கு இருக்கும் வலுவான சாட்சி அழைப்புப் பதிவு. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு பதிவுகள் தானாக அழிக்கப்படும் முறை பல இடங்களில் உண்டு. நீங்களே நகல் எடுக்காதீர்கள், அது குற்றமாகலாம். ‘இந்தச் சம்பவ எண்ணுக்குரிய பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்’ என்று எழுத்தில் கோரிக்கை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள்.

சேர்த்து வைக்க வேண்டிய மற்றவை:

- பணியில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனை அறிக்கை. முன்பே இருந்த நோய் என்ற வாதத்துக்கு இதுதான் பதில்.
- டியூட்டி பட்டியல்கள், கூடுதல் நேரப் பதிவுகள், சம்பவ அறிக்கை எண்கள்.
- மேலதிகாரிக்கு நீங்கள் தெரிவித்த தேதி, எழுத்தில். வாய்வார்த்தை நிற்காது.
- மருத்துவச் சீட்டுகள், ரசீதுகள், பயணச் செலவு.

மருத்துவச் சான்றிதழை வாங்கியவுடன் அங்கேயே நின்று படியுங்கள். நோயின் பெயர், குறியீடு, தொடங்கிய காலம், பணியோடு உள்ள தொடர்பு, எந்த வேலைகளைச் செய்ய முடியாது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். வெறும் ‘மனஅழுத்தம்’, ‘பணிச்சோர்வு’ என்று எழுதியிருந்தால் கவனம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11இல் பணிச்சோர்வு தொழில்சார் நிகழ்வு மட்டுமே, நோய் அல்ல. அந்த ஒரு சொல்லை வைத்தே உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கையை அவர்கள் ஒதுக்கிவிடலாம். பி.டி.எஸ்.டி.க்கு அதே பட்டியலில் 6பி40 என்ற குறியீடு, பழைய ஐ.சி.டி-10இல் எஃப்43.1. உங்கள் காப்பீட்டுப் படிவம் எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லாத நோயை எழுதச் சொல்வது வேறு. இருக்கும் நோயைச் சரியான பெயரில் எழுதச் சொல்வது உங்கள் உரிமை.

5. சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுப்பது

மனநல மருத்துவர் மருந்து எழுதுவார், சான்றிதழ் தருவார். பேச்சு சிகிச்சையைப் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர் தருவார். இருவரும் தேவைப்படலாம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘பேரதிர்ச்சிக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள்?’ ஆதாரம் வலுவாக உள்ள முறைகள் சில உண்டு. சம்பவத்தைப் பற்றி மனத்தில் பதிந்த எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் அறிவாக்கச் செயல்முறை சிகிச்சை வழக்கமாக 12 அமர்வுகள். தவிர்த்துவந்த நினைவுகளையும் இடங்களையும் படிப்படியாகச் சந்திக்க வைக்கும் நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்வரை. கண் அசைவுகளோடு நினைவுகளைக் கையாளும் இ.எம்.டி.ஆர். முறையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதுதான். வாரம் ஒன்று என்றால் மூன்று நான்கு மாதம். ஒரே சம்பவம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது என்றால் கூடுதலாகும். ‘மனத்தில் இருப்பதைப் பேசுங்கள், பார்ப்போம்’ என்று முறையும் முடிவும் இல்லாமல் மாதக்கணக்கில் போனால், அது இதமாக இருக்கலாம், பி.டி.எஸ்.டி.க்கான சிகிச்சை ஆகாது.

அடுத்தது, அவசரப் பணியாளர்களைப் பார்த்த அனுபவம் உண்டா. நீங்கள் சொல்லும் காட்சியைக் கேட்டு அவர் கலங்கினால், அவரைத் தேற்றும் வேலையும் உங்கள் தலையில் விழும். சுழலும் ஷிஃப்டுக்கு ஏற்ப நேரம் மாற்றித் தருவாரா என்பதையும் கேளுங்கள். இரவு டியூட்டி முடிந்த காலையில் அமர்வு வைக்காதீர்கள், பயன் இருக்காது.

முதல் சில வாரங்களில் கனவுகள் அதிகமாகலாம். பாதியில் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அந்தக் காலத்துக்கு முன்கூட்டியே இலகுவான பணி கேட்டு வையுங்கள்.

6. செலவைக் கணக்கிடுங்கள்

அமர்வுக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். முதல் மதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம், அறிக்கைக்குத் தனிக் கட்டணம், அவசர அழைப்பு வந்து அமர்வைத் தவறவிட்டால் அதற்கும் கட்டணம். கடைசியானதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் வேலையைச் சொன்னால் பலர் விட்டுக்கொடுப்பார்கள்.

பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது: மருத்துவ விடுப்பில் அடிப்படைச் சம்பளம் வந்தாலும், இரவுப் படியும் கூடுதல் நேரச் சம்பளமும் நின்றுவிடும். உங்கள் கடைசிச் சில மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து, அவை இல்லாமல் கையில் என்ன வரும் என்று முன்பே எழுதிப் பாருங்கள்.

காப்பீடு இருந்தால் முன் அனுமதி தேவையா, ஆண்டுக்கு எத்தனை அமர்வு, எந்தச் சிகிச்சையாளர்கள் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். நோயின் பெயர் உள்ள ரசீது காப்பீட்டு நிறுவனத்துக்கு நேராகப் போகிறதா, உங்கள் அலுவலக மேசை வழியாகப் போகிறதா? இரண்டாவது என்றால் மூடிய உறையில் தர வழி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் தட்டுப்பாடு என்றால் போதனா மருத்துவமனைகளையும், உளவியல் துறை உள்ள பல்கலைக்கழகங்களின் பயிற்சி மையங்களையும் விசாரியுங்கள். மேற்பார்வையோடு குறைந்த கட்டணத்தில் தருவார்கள், காத்திருப்புதான் நீளும். எல்லாக் காத்திருப்புப் பட்டியலிலும் ஒரே நாளில் பெயர் கொடுங்கள். ஒன்று கிடைத்ததும் மற்றவற்றை ரத்து செய்யுங்கள்.

7. மருந்து

செர்ட்ராலின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகிய மனச்சோர்வு மருந்துகள்தான் பி.டி.எஸ்.டி.க்கும் வழக்கமாகத் தரப்படுபவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். திடீரென்று நிறுத்தக் கூடாது. வாகனம் ஓட்டுவதற்கும் ஆயுதம் ஏந்துவதற்கும் மருந்து பற்றிய விதி உங்கள் துறையில் இருக்கலாம். முதல் மாத்திரைக்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள்.

8. பணிசார் நோய் என்ற இழப்பீட்டுக் கோரிக்கை

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் 2010இல் பி.டி.எஸ்.டி. சேர்க்கப்பட்டது. சில இடங்களில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 2016 முதல், முதல்நிலை மீட்பாளருக்கு பி.டி.எஸ்.டி. உறுதியானால் அது பணியால் வந்தது என்றே கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த் தரப்பு. உங்கள் ஊரில் அப்படி ஒரு விதி உண்டா என்பதை முதலில் தேடுங்கள். இல்லையென்றால் நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல், நான்காம் பகுதியின் நோட்டு அப்போது கைகொடுக்கும்.

விண்ணப்பிப்பதற்கான கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று கேளுங்கள்: சம்பவ நாளா, அறிகுறி தொடங்கிய நாளா, நோய் உறுதியான நாளா? தாமதமாக வெளிப்படும் நோய்க்கு இந்த மூன்றுக்கும் நடுவே ஆண்டுகள்கூட இருக்கலாம். சந்தேகம் இருந்தால் இருப்பதிலேயே முந்தைய கெடுவைப் பிடித்து விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். துணை ஆவணங்களைப் பிறகு சேர்க்க அனுமதி கேட்கலாம்.

விண்ணப்பத்தில் ‘பல ஆண்டுகளாகப் பல சம்பவங்கள்’ என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. மிகக் கடுமையான சிலவற்றைத் தேதியோடும் எண்ணோடும் தனித்தனியாக எழுதி, மற்றவற்றை இணைப்பாகக் கொடுங்கள். எழுதும் நாளில் தனியாக உட்கார வேண்டாம், அன்றைக்கு டியூட்டியும் வேண்டாம். வீட்டில் ஒருவர் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதலாம், அல்லது சங்கத்து ஆள் எழுதலாம்.

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக் கெடு பெரும்பாலும் குறுகியது. கோரிக்கை நடக்கும் காலத்தில் சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள். முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் உடம்பும் கெடும், ‘சிகிச்சையே எடுக்கவில்லையே’ என்ற எதிர்வாதமும் பிறக்கும்.

9. வேலைக்குத் திரும்பும்போது

ஒரேயடியாக முழு டியூட்டிக்குத் திரும்பச் சம்மதிக்காதீர்கள். குறைந்த நேரம், பகல் ஷிஃப்ட், முதலில் சில வாரம் உடன் ஓர் ஆள் என்று படிப்படியான திட்டத்தை உங்கள் சிகிச்சையாளரையே எழுதித் தரச் சொல்லுங்கள். நோயின் விவரம் அந்தக் கடிதத்தில் வேண்டாம். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எதுவரை, அடுத்த பரிசீலனை என்றைக்கு என்பது போதும். அதில் மேலதிகாரியின் கையொப்பம் வாங்குங்கள், ஏனென்றால் அவர் மாற்றலாகிப் போவார், புதிதாக வருபவருக்கு எதுவும் தெரியாது.

சக ஊழியர்களிடம் என்ன சொல்வது என்பதை முன்பே ஒரு வரியாக முடிவு செய்துகொள்ளுங்கள். ‘உடம்பு சரியில்லை, இப்போது பரவாயில்லை’ என்பதும் முழுமையான பதில்தான். அதற்குமேல் சொல்ல நீங்கள் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. திரும்பிய ஒரு மாதம் கழித்து சிகிச்சையாளரோடு ஒரு சந்திப்பையும், அந்தச் சம்பவத்தின் ஆண்டு நாளையொட்டி இன்னொன்றையும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். அந்த வாரத்து ஷிஃப்ட் மாற்றத்துக்கும் சேர்த்தே விண்ணப்பம் கொடுங்கள்.